முகத்துவாரத்தில் அள்ளும் மணல் எங்கே போக வேண்டும்?

கரைவலை எழுதியது:

எங்கள் ஊர் வட தமிழகக் கடற்கரையில் ஒரு சிறிய மீன்பிடி இறங்குதளம். ஆறு கடலில் சேரும் முகத்துவாரம்தான் எங்களுக்கு வாசல். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆறு தானாகவே வாயைத் திறந்துகொள்ளும். சித்திரைக்குள் மணல் மூடிவிடும். அப்பா காலத்தில் ஊரே மண்வெட்டியோடு போய் வெட்டிவிடுவது வழக்கம். இப்போது இருபுறமும் கல்சுவர் போட்டும் மணல் நிற்கவில்லை. திட்டில் அடி தட்டினால் அலை ஃபைபர் படகைக் குறுக்கே திருப்பிக் கவிழ்த்துவிடுகிறது. போன ஆண்டு என் சித்தப்பாவின் தோளெலும்பு அப்படித்தான் முறிந்தது.

ஆகவே தூர்வாருவதில் எங்களுக்கு மறுப்பில்லை, மகிழ்ச்சிதான். இரண்டு வாரமாக மிதவையில் இயந்திரம் நிறுத்தி, குழாய் வழியாக மணலை இறைத்துத் தெற்குக் கரையில் குவிக்கிறார்கள். குவியல் ஐஸ் ஆலைக் கூரை உயரத்துக்கு வந்துவிட்டது. திங்கட்கிழமை முதல் டிப்பர் லாரிகள் வரத் தொடங்கின. ஒரு நாளில் 40 லோடு எண்ணினேன். எங்கே போகிறது என்று கேட்டால், ‘கழிவு மண்தானே தம்பி, பள்ளமான மனைக்குக் கொட்டுகிறோம்’ என்கிறார் மேற்பார்வையாளர்.

சுவருக்கு வடக்கே இருக்கும் குப்பத்தில் கரையே இல்லை. வலை உலர்த்திய இடம், கரைவலை இழுத்த இடம், அம்மன் கோயிலுக்கு முன்னால் இருந்த தென்னை வரிசை, எல்லாம் ஐந்து ஆண்டுகளுக்குள் கடலுக்குள் போய்விட்டன. ஒரு பக்கம் மணல் இல்லாமல் வீடு இடிகிறது, மறுபக்கம் அதே மணல் கழிவென்று லாரியில் ஏறுகிறது. அடுத்த புதன்கிழமை மீனவர் குறைதீர் கூட்டம் இருக்கிறது. அங்கே என்ன கேட்க வேண்டும், எதை வைத்துக் கேட்க வேண்டும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆழமானி எழுதியது:

தம்பி, நான் தூர்வாரும் கப்பல்களில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அந்த மேற்பார்வையாளர் சொன்ன ‘கழிவு’ என்ற சொல்லை முதலில் மறுக்க வேண்டும்.

நம் கிழக்குக் கடற்கரையில் மணல் ஓரிடத்தில் தங்குவதில்லை. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம் முழுவதும் அலை கரையைச் சாய்வாக அடித்து மணலை வடக்கே தள்ளிக்கொண்டு போகிறது. மழைக்காலத்தில் இரண்டு மூன்று மாதம் திசை மாறித் தெற்கே வருகிறது. கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் மிகுதி. வடக்கே போகும் ஓட்டத்தைத் தெண்டி வெள்ளம், தெற்கே வருவதை வன்னி வெள்ளம் என்று உங்கள் ஊரில் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். இந்த ஓட்டத்துக்குக் குறுக்கே கல்சுவர் நீட்டினால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரியும். இதில் வியப்பே இல்லை. 1870களில் சென்னைத் துறைமுகம் கட்டத் தொடங்கிய பிறகுதான் மெரினா இவ்வளவு அகலமாக வளர்ந்தது. அதே காரணத்தால்தான் வடக்கே ராயபுரம் கரை தேய்ந்து கருங்கல் சுவராக நிற்கிறது. இரண்டும் ஒரே கணக்கின் வரவும் செலவும்.

உங்கள் வாயில் அடைப்பாக நிற்பது வடக்குக் குப்பத்துக்குப் போய்க்கொண்டிருந்த மணல். வழியில் சிக்கிக்கொண்டது. அதை எடுத்து மீண்டும் ஓட்டத்தில் சேர்ப்பதுதான் தூர்வாரும் வேலையின் இரண்டாம் பாதி. விசாகப்பட்டினத்தில் 1930களிலேயே பழைய கப்பல்கள் இரண்டை மூழ்கடித்து அலைத்தடுப்பாக்கி, அதன் மறைவில் மணல் தேங்க இடம் விட்டு, தேங்கியதை வாரி வடக்குக் கரைக்கு அனுப்பும் ஏற்பாட்டைத் தொடங்கினார்கள். துறைமுகத்தில் எடுக்கும் மணல் ராமகிருஷ்ணா கடற்கரைக்கு இறைக்கப்படுவதை நானே பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஒன்று மட்டும் சொல்லுங்கள்: இயந்திரம் எந்த இடத்தில் வாருகிறது? வெளித்திட்டிலா, உள்ளே படகு கட்டும் இடத்திலா? மணலின் நிறம் என்ன?

கரைவலை எழுதியது:

ஐயா, முதல் பத்து நாள் வெளித்திட்டில் வாரினார்கள். மணல் வெளிறிய பழுப்பு, கிளிஞ்சல் துண்டுகள் கலந்தது. இப்போது உள்ளே வந்துவிட்டார்கள். குழாயில் வருவது கறுப்பாக இருக்கிறது. அழுகிய முட்டை நாற்றம். இரண்டும் ஒரே குவியலில்தான் விழுகின்றன.

செங்கல்சூளை எழுதியது:

நான் கட்டுமான வேலை பார்க்கிறவன். கரைவலை அண்ணன் கோபிக்கக் கூடாது. ஆற்று மணல் அள்ளி அள்ளிப் பாலாறும் கொள்ளிடமும் என்ன ஆயின என்று எல்லோருக்கும் தெரியும். கடலிலிருந்து எப்படியும் வெளியே வருகிற மணலைக் கட்டடத்துக்கும் மனைக்கும் பயன்படுத்தினால் ஒரு ஆறாவது பிழைக்காதா? ஒரு லட்சம் கன மீட்டர் என்றால் 35,000 யூனிட்டுக்கு மேல் (ஒரு யூனிட் என்பது 100 கன அடி). அதைக் கடற்கரையில் கொட்டினால் அடுத்த ஆண்டு அலை கொண்டுபோய்விடும். பணத்தைக் கடலில் போடுவது போலத்தான் எனக்குத் தோன்றுகிறது.

சேற்றுவயல் எழுதியது:

உங்கள் கேள்வி நியாயமானது. ஆனால் அந்தக் குவியலை மணல் என்று ஒரே பெயரில் அழைப்பதுதான் தவறு தொடங்கும் இடம். நான் மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன்.

வெளித்திட்டு மணல் அலையில் அலசப்பட்டது, பரல் பருமனானது, பெரும்பாலும் சுத்தமானது. உள்ளே படகுத்துறையில் படிவது வேறு வகை: 63 மைக்ரானுக்கும் கீழே உள்ள வண்டலும் களியும். நஞ்சு ஒட்டிக்கொள்வது இந்த நுண்துகளில்தான். டீசல், மசகு எண்ணெய், படகின் அடிப்பாகத்துக்குப் பூசும் வண்ணத்திலிருந்து செம்பு, ஊர்ச் சாக்கடை எல்லாம் அங்கே சேர்கின்றன. கப்பல் அடியில் பூசிய கரிம வெள்ளீயச் சேர்மத்துக்குப் பன்னாட்டுத் தடை 2008இல் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆனாலும் பழைய துறைமுகச் சேற்றின் அடியில் அது இன்னும் கிடக்கிறது. கிளறினால் மேலே வரும்.

அழுகிய முட்டை நாற்றம் இன்னொன்றையும் சொல்கிறது. காற்றுப் படாத கறுப்புக் களியில் இரும்பும் கந்தகமும் சேர்ந்து சல்ஃபைடாக உறங்கும். வெளியே எடுத்து உலரவிட்டால் காற்றோடு சேர்ந்து கந்தக அமிலமாகிவிடும். எனக்குத் தெரிந்த ஒரு தென்னந்தோப்பில், ‘கழிமுக வண்டல் நல்ல உரம்’ என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஓரடி உயரத்துக்குப் பரப்பினார்கள். முதல் மழைக்குப் பிறகு மண்ணின் கார அமில எண் (pH) 4க்கும் கீழே இறங்கியது. கிணற்று மேடையில் துரு நிறத்தில் நீர் தேங்கியது. தோப்புக்காரர் எங்களிடம் மாதிரி கொண்டுவந்தபோது குருத்து ஏற்கெனவே மஞ்சளித்திருந்தது. முன்பே ஒரு பிடி மண் கொண்டுவந்திருந்தால் அரை மணி நேரத்தில் சொல்லியிருப்பேன் என்பதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

கட்டடத்துக்குப் பயன்படுத்துவதாக இருந்தால் குளோரைடு இருக்கிறது. உப்பு போகக் கழுவாத கடல் மணல் கான்கிரீட்டில் கலந்தால் உள்ளே உள்ள கம்பி துருப்பிடித்து வீங்கிப் பூச்சைப் பிளக்கும். கழுவிப் பயன்படுத்துவது முடியாத காரியமன்று. ஆனால் கழுவ நன்னீர் வேண்டும். கழுவிய உப்புநீரை விட இடம் வேண்டும். அந்தச் செலவு டெண்டரில் இருக்கிறதா? மனையை நிரப்பினாலும் உப்பு கீழே இறங்கி அக்கம்பக்கத்துக் கிணறுகளுக்குப் போகும்.

செங்கல்சூளை எழுதியது:

மனைக்குக் கொட்டினால் கிணறு கெடும் என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. எங்கள் தெருவிலேயே அப்படி ஒரு மனை நிரப்பினோம். பக்கத்து வீட்டுக் கிணறு உவர்த்துவிட்டது என்று அவர்கள் சொன்னபோது கோடைக்காலம் என்று பதில் சொல்லி அனுப்பினேன். நாளை போய்ப் பார்க்கிறேன்.

ஆனால் என் இரண்டாவது கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. கரையில் போட்டால் கடல் கொண்டுபோகாதா?

ஆழமானி எழுதியது:

கொண்டுபோகும். கொண்டுபோக வேண்டும் என்பதற்காகத்தான் போடுகிறோம்.

கரை என்பது தேங்கி நிற்கும் மணலன்று, ஓடும் மணல். ஏரிக்கு வரத்து வாய்க்கால் எப்படியோ அப்படி. இந்த ஆண்டு வந்த நீர் அடுத்த ஆண்டு இருக்காது என்பதற்காக வாய்க்காலை அடைப்பீர்களா? குப்பத்துக்கு முன்னால் போட்ட மணல் வடக்கே நகர்ந்தால் அடுத்த ஊருக்குக் கரை கிடைக்கிறது. அதற்குள் உங்கள் வாயில் புதிய மணல் சேர்ந்திருக்கும். அதை எடுத்து மீண்டும் போட வேண்டும். ஆண்டுதோறும் செய்ய வேண்டிய பராமரிப்பு இது. கல்சுவர் கட்டியபோதே இந்தச் செலவும் கூடவே பிறந்துவிட்டது. சுவரின் மதிப்பீட்டில் அதை எழுதாமல் விடுவதுதான் ஊருக்கு ஊர் நடக்கும் பிழை.

வெள்ளைநகரம் எழுதியது:

புதுச்சேரியிலிருந்து எழுதுகிறேன். ஆழமானி ஐயா சொல்வதற்கு எங்கள் ஊர் கண்கண்ட சான்று. 1980களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்று வாயில் துறைமுகச் சுவர்கள் வந்தன. மணலை வடக்கே கடத்தும் ஏற்பாடு திட்டத்திலேயே இருந்தது, ஆனால் அது ஒழுங்காக நடக்கவில்லை. நான் பள்ளிக்குப் போன காலத்தில் காந்தி சிலைக்கு முன்னால் கருங்கல் மட்டும்தான். அம்மா அங்கே மணலில் விளையாடியதாகச் சொன்னபோது நம்ப முடியவில்லை. நகரத்துக்குக் கல் போட்டதும் அரிப்பு வடக்கே நகர்ந்தது. தமிழகப் பகுதியில் உள்ள மீனவ ஊர்கள் வரை போயிற்று.

2018இல் சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் வடிவமைப்பில் தலைமைச் செயலகத்துக்கு எதிரே நீருக்கடியில் எஃகுத் திட்டு ஒன்றை இறக்கினார்கள். துறைமுக வாயில் வாரிய மணலைக் கரைக்கு இறைத்தார்கள். முதன்முதலாக மணலில் கால் வைத்த அன்று அம்மாவை அழைத்துக்கொண்டு போனேன். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நெடுநேரம் நின்றார்.

அந்தத் திட்டு மணலைப் பிடித்துவைக்கும், உண்டாக்காது. எந்த ஆண்டில் இறைப்பது தவறுகிறதோ அந்த ஆண்டு கரை மெலிகிறது. குறைதீர் கூட்டத்தில் ‘ஒரு முறை போட்டுவிட்டோம்’ என்ற பதிலை ஏற்காதீர்கள்.

தாழ்நிலம் எழுதியது:

பத்து ஆண்டுகளாக நெதர்லாந்தில் வேலை. இங்கே மணல், சேறு இரண்டுக்கும் தனித்தனி வழி வைத்திருக்கிறார்கள் என்பதால் எழுதுகிறேன்.

மணலுக்கு: 2011இல் ஹேக் நகருக்குத் தெற்கே 2.15 கோடி கன மீட்டர் மணலைக் கொக்கி போன்ற வடிவில் ஒரே இடத்தில் கொட்டி, காற்றும் அலையும் அதைக் கரை நெடுகப் பரப்பட்டும் என்று விட்டார்கள். அது கடலடியிலிருந்து எடுத்த மணல், துறைமுக மணலன்று. ஆனால் ஆழமானி ஐயா சொன்ன அதே எண்ணம்தான்: ஓட்டத்தோடு சண்டையிடாமல் அதனிடமே வேலையை ஒப்படைப்பது.

சேற்றுக்கு: நஞ்சேறிய துறைமுகச் சேற்றை ரோட்டர்டாமில் 1987 முதல் கரை சூழ்ந்த ஒரு பெரிய குழியில் தனியாகப் பூட்டி வைக்கிறார்கள். சுத்தமான சேற்றை டெல்ஃப்சைல் துறைமுகத்துக்கு அருகே பாத்தி கட்டி, உப்பு வடியவிட்டு, புரட்டிப் புரட்டி உலர்த்திக் களிமண்ணாக்கிக் கடலணை கட்டப் பயன்படுத்திப் பார்த்தார்கள். சேறு களிமண்ணாக முதிர ஆண்டுக்கணக்கில் ஆகும். பொறுமையும் இடமும் வேண்டும்.

கரைவலை எழுதியது:

அண்ணா, படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் எங்கள் ஊரில் இருப்பது ஒரு மிதவை இயந்திரம், 300 மீட்டர் குழாய், மூன்று மாத ஒப்பந்தம். பணக்கார நாட்டுக் கதை என்று கூட்டத்தில் ஒரே வரியில் தள்ளிவிடுவார்கள்.

ஆழமானி எழுதியது:

அப்படிச் சொன்னால் கொச்சியைச் சொல்லுங்கள். 1920இல் அங்கே வந்த பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ, முகத்துவாரத்துத் திட்டை வெட்டிக் கால்வாய் ஆழப்படுத்தியபோது அந்த மண்ணைத் தூர எறியவில்லை. காயலில் கொட்டி ஒரு தீவையே எழுப்பினார். அதுதான் வில்லிங்டன் தீவு. நூறு ஆண்டுகளுக்கு முன், நீராவி இயந்திரத்தால், நம் கடலில் நடந்தது. காயலைத் தூர்ப்பதை இன்று நான் பரிந்துரைக்க மாட்டேன். எங்கே போடுவது என்பதை வாருவதற்கு முன்பே முடிவு செய்தார்கள் என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

குழாய் 300 மீட்டர்தான் என்று நீ சொன்னது நல்லது. அது போதாது. வடக்குச் சுவரை ஒட்டியே மணலை விட்டால் அது சுவரின் மறைவில் அசையாமல் கிடக்கும். மழைக்காலத்தில் வன்னி வெள்ளம் திரும்பியதும் மீண்டும் வாய்க்கே வந்துவிடும். அலை நேராக அடிக்கும் இடம் வரை கொண்டுபோய் விட வேண்டும். அதற்குக் கூடுதல் குழாயும் நடுவழியில் ஒரு பம்பும் தேவை. செலவு கூடும் என்பார்கள். லாரி வாடகை மிச்சமாவதையும் கணக்கில் சேர்க்கச் சொல்.

முக்கியமான ஒன்று: வாருவதற்கு முன்னும் பின்னும் எடுத்த ஆழ அளவீட்டு வரைபடங்களைக் கேள். எத்தனை கன மீட்டர் வாரினார்கள் என்று பணம் வாங்குவது அந்த இரண்டின் வித்தியாசத்தை வைத்துத்தான். அந்த எண்ணையும் லாரியில் போன யூனிட்டையும் கரையில் விழுந்ததையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் மணல் போன வழி தெரிந்துவிடும்.

கழிவெளி எழுதியது:

எண்ணூர்ப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். நான் இறால் பிடிக்கும் குடும்பத்துப் பெண். இங்கே ஆற்றின் அடியில் இருப்பது மணலும் இல்லை, சேறும் இல்லை. பல இடங்களில் அனல்மின் சாம்பல். கையால் தடவி இறால் பிடிக்கும் எங்களுக்கு ஆற்றின் அடி எப்போது மாறியது என்று விரல் சொல்லும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெயும் வந்து படிந்தது.

எனக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான். அள்ளியதை ஆற்றங்கரையிலேயே குவித்துவிட்டுப் போகாதீர்கள். எங்கள் பக்கம் ஒரு முறை அப்படிச் செய்தார்கள். கரையோர அலையாத்திச் செடிகளின் மூச்சுவேர்களை மூடிவிட்டது. மரங்கள் நின்ற நிலையிலேயே காய்ந்தன. அடுத்த மழையில் குவியல் மீண்டும் ஆற்றுக்கே இறங்கியது. பணமும் போயிற்று, மரமும் போயிற்று. கூட்டத்தில் பெண்களையும் பேசவிடுங்கள். கரையில் நின்று மீன் வாங்குகிறவர்களுக்கும் ஆற்றில் தடவுகிறவர்களுக்கும் அடிமண் பற்றித் தெரிந்தது படகில் போகிறவர்களுக்குத் தெரியாது.

சேற்றுவயல் எழுதியது:

அக்கா சொன்னதை மண்ணியல் சொற்களில் திரும்பச் சொல்லலாம்: அலையாத்திக்கு மட்டம்தான் உயிர். ஏற்றநீர் வந்து போகும் மட்டத்தில் சுத்தமான வண்டலைச் சிறிது சிறிதாகச் சேர்த்தால் காடு வளரும். ஓரடி கூடினால் சாகும். அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் 1847இல் ஆயிரம் ஏக்கருக்கு மேல் இருந்த பாப்லர் தீவு கரைந்து கரைந்து 1990களில் 5 ஏக்கர் அளவுக்கு வந்துவிட்டது. பால்டிமோர் கப்பல் வழியில் வாரிய சேற்றைக் கொண்டு 1998 முதல் அதை மீட்டு வருகிறார்கள். அங்கே சதுப்புப் பாத்திகளின் மட்டத்தை மிகக் கவனமாக வைக்கிறார்கள்.

கரைவலை தம்பி, கூட்டத்துக்கு முன் நீங்களே செய்யக்கூடிய இரண்டு சோதனைகள் உண்டு. ஒளிபுகும் தண்ணீர் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி நீர், நன்றாகக் குலுக்கி வையுங்கள். ஒரு நிமிடத்துக்குள் அடியில் படிவது மணல். சில மணி நேரத்தில் படிவது வண்டல். மறுநாளும் கலங்கி நிற்பது களி. வெளித்திட்டு, உள்துறை, குவியல் என மூன்று இடத்து மண்ணையும் தனித்தனியாகச் செய்து, படமெடுத்துத் தேதி எழுதுங்கள். இரண்டாவது, கறுப்பு மண்ணில் ஒரு சிட்டிகை எடுத்து, மருந்துக் கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றி, சிறிது நேரம் கழித்துக் கார அமிலத் தாளால் பாருங்கள். எண் மிகவும் இறங்கினால் அமிலமாகும் மண் என்று ஐயப்பட வேண்டும். இவை ஆய்வுக்கூட அறிக்கைக்கு ஈடாகா. ஆனால் அறிக்கை ஏன் வேண்டும் என்று கேட்கப் போதுமானவை.

வெள்ளைநகரம் எழுதியது:

சட்டப் பக்கத்தையும் ஒரு வரியில் வைத்துக்கொள்ளுங்கள். 2019ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை நீர்வழியைப் பராமரிக்கவும் மணல்திட்டைத் தடுக்கவும் வாருவதை அனுமதிக்கிறது. கடற்கரையில் மணல் தோண்டி எடுப்பதை அது தடை செய்கிறது. பராமரிப்பு என்ற பெயரில் வாரியதை வெளியே விற்றால் அது இந்த இரண்டில் எது என்று எழுத்தில் பதில் கேளுங்கள். அனுமதிக் கடிதத்தில் மண் போகும் இடம் குறிப்பிடப்பட்டிருக்க வேண்டும். அந்தப் பக்கத்தின் நகலையும் கேளுங்கள்.

ஆமைகளை மறக்க வேண்டாம். தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் கரை உங்களுடையது. அந்த நாட்களில் மேலே மணல் கொட்டினால் முட்டைகள் புதையும். பரல் மிக நுண்ணியதாக இருந்தால் இறுகிப்போய் ஆமையால் தோண்டவும் முடியாது.

செங்கல்சூளை எழுதியது:

பக்கத்து வீட்டுக் கிணற்று நீரைக் குடித்துப் பார்த்தேன். உப்புத்தான். அவர்களிடம் மன்னிப்புக் கேட்டேன். கரைவலை அண்ணா, லாரி ஒன்றுக்கு எத்தனை யூனிட் பிடிக்கும், 40 லோடு எவ்வளவு கன மீட்டர் என்ற கணக்கு எனக்கு மனப்பாடம். டிப்பரின் பெட்டி அளவு தெரிந்தால் அனுப்புங்கள், அட்டவணை போட்டுத் தருகிறேன்.

கரைவலை எழுதியது:

புதன்கிழமை போய் வந்தோம். 22 பேர், அதில் 9 பேர் பெண்கள். கழிவெளி அக்கா சொன்னபடி மீன் விற்கும் எங்கள் பெரியம்மா முதலில் பேசினார். மூன்று பாட்டில்களையும் மேசையில் வைத்தேன். வெளித்திட்டு பாட்டிலில் நீர் தெளிந்திருந்தது. உள்துறை பாட்டில் இரண்டு நாளாகியும் மைபோலக் கலங்கியிருந்தது. குவியலில் எடுத்தது நடுவில். அதைப் பார்த்த பிறகுதான் ‘கழிவு மண்’ என்று பேசுவதை நிறுத்தினார்கள்.

லாரிகளை இப்போதைக்கு நிறுத்த ஒப்புக்கொண்டார்கள். உள்துறைச் சேற்றைத் தனியாக, மண் கரை கட்டிய பள்ளத்தில் விட்டு, மாதிரி எடுத்து ஆய்வுக்கு அனுப்புவதாகச் சொன்னார்கள். ஆழ அளவீட்டு வரைபடங்களைத் தர மறுத்துவிட்டார்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் மனு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். ஏற்கெனவே கலந்து கிடக்கும் குவியலை என்ன செய்வது என்ற கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை. சேற்றுவயல் அக்கா, அதைப் பிரிக்க வழி இருக்கிறதா?

வெளித்திட்டு மணலை வடக்கே இறைக்கக் கூடுதல் குழாய் வாங்க மதிப்பீடு போடப் போகிறார்கள். எவ்வளவு நீளம் என்று எங்களையே கேட்டார்கள். சுவரின் மறைவு முடிந்து அலை நேராக அடிக்கத் தொடங்கும் இடம் சித்தப்பாவுக்குத் தெரியும். தோள் இன்னும் சரியாகவில்லை என்றாலும் வருகிறேன் என்கிறார். நாளை விடியற்காலை வலைக்கயிறு எடுத்துக்கொண்டு சுவரிலிருந்து அளக்கப் போகிறோம்.

ஆழமானி எழுதியது:

நீர் வற்றும் நேரம் பார்த்துப் போங்கள். கயிறு ஈரமானால் நீளம் மாறும். ஐந்து பாகத்துக்கு (ஒரு பாகம் என்பது இரு கைகளையும் விரித்த நீளம்) ஒரு முடிச்சுப் போட்டு, நனைத்த பிறகு மீண்டும் ஒரு முறை சரிபாருங்கள்.